முழங்கால் வலிக்கு எது நல்ல மருந்து?

பெங்களூரில் அல்சூருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜோகுபாளையம். அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் தண்ணீர்க் குடத்தோடு படி ஏற வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் குனிந்து பெருக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து தரை துடைக்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியதும் பலர் சொல்வது ஒரே பேச்சுதான்.

"முட்டி வலி தாங்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை."

உடனே ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். "இந்த எண்ணெய் தேய்." "அந்த மாத்திரை போடு." "ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்." "ஆபரேஷன் செய்தால்தான் தீரும்."

யார் சொல்வதை நம்புவது? எந்த மருந்து நல்ல மருந்து? அதை டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தெரிந்துகொள்வோம்.

முழங்காலில் என்ன நடக்கிறது?

முழங்கால் ஒரு கீல் போன்றது. மேலே தொடை எலும்பு. கீழே கால் எலும்பு. முன்னால் முழங்கால் சில்லு. இந்த எலும்புகளின் முனையில் வழுவழுப்பான ஒரு பூச்சு இருக்கிறது. அதற்குக் குருத்தெலும்பு என்று பெயர். எலும்பும் எலும்பும் உரசாமல் அது காக்கிறது.

வயது ஆக ஆக இந்தப் பூச்சு தேய்கிறது. "ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்று பலர் சொல்வது இதைத்தான். இதுவே மூட்டுத் தேய்மான நோய். குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே தோலில் பட்ட காயம் ஆறுவது போல அது எளிதில் ஆறாது. தேய்ந்த பூச்சைப் பழையபடி வளர்க்கும் மருந்து இதுவரை இல்லை.

இந்த நோய் யாருக்கு அதிகம் வருகிறது? வயதானவர்களுக்கு வருகிறது. உடல் எடை கூடியவர்களுக்கு வருகிறது. முழங்காலில் முன்பு அடிபட்டவர்களுக்கு வருகிறது. குந்தி உட்கார்ந்தும் சுமை தூக்கியும் வேலை செய்பவர்களுக்கு வருகிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம்.

ஆக்ரா, பெங்களூர், கொல்கத்தா, டேராடூன், புனே ஆகிய 5 இடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2016இல் வெளிவந்தது. பரிசோதித்தவர்களில் 100க்குச் சுமார் 29 பேருக்கு முழங்கால் தேய்மானம் இருந்தது. ஆகவே இது யாரோ ஒருவருடைய நோய் அல்ல.

"எனக்குக் குணமானது" என்று சொன்னால் போதுமா?

முழங்கால் வலி ஒரே மாதிரி இருக்காது. சில நாள் அதிகமாக இருக்கும். சில நாள் தானாகவே குறையும். இதை மனதில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

மனிதர்கள் எப்போது மருந்து தேடுகிறார்கள்? வலி மிக அதிகமாக இருக்கும்போது. அதன் பிறகு வலி எப்படியும் கொஞ்சம் குறையத்தான் போகிறது. அந்த நேரத்தில் என்ன செய்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். எண்ணெய் தேய்த்திருந்தால் எண்ணெய்க்குப் பெயர். மாத்திரை சாப்பிட்டிருந்தால் மாத்திரைக்குப் பெயர்.

இன்னொன்றும் உண்டு. "நல்ல மருந்து கொடுத்திருக்கிறார்கள்" என்று நம்பினாலே வலி கொஞ்சம் குறையும். இது நடிப்பு அல்ல. உண்மையிலேயே குறையும்.

ஆகவே ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து மருந்தை எடை போட முடியாது. பலரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சீட்டுக் குலுக்கல் போல

ஒப்பிடுவதிலும் நியாயம் வேண்டும். இளைஞர்களுக்கு எல்லாம் புது மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதியவர்களுக்கு எல்லாம் பழைய மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? புது மருந்து நல்லது போலத் தோன்றும். அது மருந்தின் வேலை அல்ல. வயதின் வேலை.

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. சீட்டில் பெயர் எழுதிக் குலுக்குவது போல நோயாளிகளைக் குலுக்கிப் பிரிக்கிறார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை. நோயாளியும் முடிவு செய்வதில்லை. குலுக்கல் முடிவு செய்கிறது. அப்போது இரண்டு பிரிவிலும் எல்லா வகை ஆட்களும் ஏறத்தாழ சமமாக வந்துவிடுவார்கள்.

ஒரு பிரிவுக்கு உண்மையான மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. வெற்று மாத்திரையில் மருந்து இருக்காது. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது கடைசி வரை ரகசியம். கடைசியில் கணக்கைத் திறந்து பார்ப்பார்கள்.

வெற்று மாத்திரை சொன்ன பாடம்

குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் என்று இரண்டு மாத்திரைகள் உண்டு. "ஜவ்வு வளரும்" என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகள் இவை. மாதக் கணக்கில் இவற்றை வாங்கிச் சாப்பிடுபவர்கள் பலர்.

அமெரிக்காவில் 1,583 நோயாளிகளிடம் இவற்றைச் சோதித்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. 24 வாரங்களுக்குப் பிறகு கணக்குப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 60 பேருக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 100க்கு 64 பேருக்குக் குறைந்திருந்தது. இந்தச் சிறிய வித்தியாசத்தை வைத்து மருந்து வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

இதைக் கவனியுங்கள். குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களை மட்டும் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "100க்கு 64 பேருக்குக் குணம்! அருமையான மருந்து!" என்று சொல்லியிருப்பார்கள். வெற்று மாத்திரைதான் உண்மையைக் காட்டிக் கொடுத்தது.

வெற்று ஆபரேஷன்

மாத்திரைக்கு மட்டும்தான் இப்படிச் சோதனையா? ஆபரேஷனுக்கும் உண்டு.

முழங்காலில் சிறு துளை போட்டு, குழாய் விட்டு, உள்ளே கழுவிச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஆபரேஷன் ஒன்று இருந்தது. தேய்மானத்துக்காக இதை நிறையப் பேருக்குச் செய்து வந்தார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் டாக்டர் மோஸ்லி என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். அவரே ஆபரேஷன் செய்யும் டாக்டர்.

180 பேரைக் குலுக்கி மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூட்டைக் கழுவிச் சுரண்டினார்கள். இன்னொரு பிரிவுக்குக் கழுவ மட்டும் செய்தார்கள். மூன்றாவது பிரிவுக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டார்கள். உள்ளே ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு வருடம் கவனித்தார்கள். முடிவு 2002இல் வெளிவந்தது. மூன்று பிரிவுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. உண்மையான ஆபரேஷன் வெற்று ஆபரேஷனை விட மேலானதாக இல்லை.

"ஏமாற்றி ஆபரேஷன் செய்யலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. "உங்களுக்கு வெற்று ஆபரேஷனும் கிடைக்கலாம்" என்று முன்பே சொன்னார்கள். 324 பேரிடம் கேட்டார்கள். 144 பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சம்மதித்தவர்கள் கையெழுத்து மட்டும் போடவில்லை. தனக்கு வெற்று ஆபரேஷனே நடக்கலாம் என்பது தெரியும் என்று தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

ஊசி போடலாமா?

முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடும் வழக்கம் உண்டு. இது சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 140 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 12 வாரத்துக்கு ஒரு முறை ஸ்டீராய்டு ஊசி. மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீர் ஊசி. இப்படி இரண்டு வருடம். முடிவு 2017இல் வெளிவந்தது. வலியில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

ஆகவே யாராவது அடிக்கடி ஊசி போடச் சொன்னால் கேளுங்கள்: "இது என்ன ஊசி, டாக்டர்? எத்தனை முறை போடலாம்?" கேட்பது தவறு அல்ல.

பெங்களூரில் நடந்த ஆராய்ச்சிகள்

இந்த ஆராய்ச்சிகள் எல்லாம் வெளிநாட்டில் மட்டுமே நடப்பவை அல்ல. பெங்களூரிலும் நடந்திருக்கின்றன.

பெங்களூரைச் சேர்ந்த எலும்பு டாக்டர் ஜான் எப்னேசர். அவரும் சுவாமி விவேகானந்தா யோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் 250 நோயாளிகளிடம் ஆராய்ச்சி செய்தார்கள். எல்லோருக்கும் மின்சார ஒத்தடம் போன்ற சிகிச்சை தந்தார்கள். அதன் பிறகு ஒரு பிரிவுக்கு வழக்கமான உடற்பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு யோகாசனம், மூச்சுப் பயிற்சி, தியானம். தினமும் 40 நிமிடம். இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கவனித்தார்கள். முடிவுகள் 2011இலிருந்து வெளிவந்தன. யோகா செய்தவர்களுக்கு வலியும் காலை நேர விறைப்பும் கூடுதலாகக் குறைந்தன.

இதில் ஒரு குறையும் உண்டு. யோகாவை மறைத்துக் கொடுக்க முடியாது. யோகா செய்பவருக்குத் தான் யோகா செய்வது தெரியும். ஆகவே நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, யோகாவின் பங்கு எவ்வளவு என்று சரியாகப் பிரிக்க முடியாது. நல்ல ஆராய்ச்சியைப் படிக்கும்போதும் இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆராய்ச்சி ஸ்டெம்பியூட்டிக்ஸ் என்ற பெங்களூர் நிறுவனம் செய்தது. ஆரோக்கியமான ஆட்கள் தானமாகத் தரும் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து வளர்க்கிறார்கள். அந்தச் செல்களை முழங்காலில் ஒரு முறை ஊசியாகப் போடுகிறார்கள். 146 பேரிடம் சோதித்தார்கள். ஒரு வருடம் கவனித்தார்கள். வெற்று ஊசி போட்டவர்களை விட இவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. 2022இல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கு அனுமதி தந்தது.

மூட்டு முற்றிலும் தேய்ந்தவர்களிடம் இதைச் சோதிக்கவில்லை. "ஸ்டெம் செல்" என்று பெயர் சொல்லி விற்கும் எல்லாமே அனுமதி பெற்றவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாட்டு மருந்தையும் சோதிக்கலாம்

புனேயைச் சேர்ந்த டாக்டர் அரவிந்த் சோப்ராவும் மற்றவர்களும் ஆயுர்வேத மருந்தைச் சோதித்தார்கள். சுக்கு, சீந்தில், நெல்லிக்காய் போன்றவை அதில் இருந்தன. 440 நோயாளிகள். 24 வாரங்கள். சிலருக்கு ஆயுர்வேத மருந்து. சிலருக்கு ஆங்கில மருந்து. முடிவு 2013இல் வெளிவந்தது. ஆயுர்வேத மருந்தும் ஆங்கில மருந்துக்கு இணையாக வலியைக் குறைத்தது.

ஆனால் ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தது. மருந்தை நிறுத்தியதும் சரியானது. "நாட்டு மருந்துக்குப் பக்க விளைவே கிடையாது" என்று சொல்வது சரியல்ல. எந்த மருந்தாக இருந்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

செலவு இல்லாத மருந்து

பல ஆராய்ச்சிகள் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. தொடைத் தசையை வலுவாக்க வேண்டும். எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும்.

எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்கால் மேல் விழும் பாரம் 4 கிலோ குறைகிறது. அமெரிக்காவில் மெசியர் என்ற ஆராய்ச்சியாளர் 2005இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். 5 கிலோ எடை குறைந்தால் என்ன ஆகும்? நீங்களே கணக்குப் போடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் 20 கிலோ பாரம் குறையும்.

அதே ஆராய்ச்சியாளர் எடை கூடிய 454 பேரை 18 மாதம் கவனித்தார். ஒரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடு. ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி. ஒரு பிரிவுக்கு இரண்டும். முடிவு 2013இல் வெளிவந்தது. இரண்டையும் செய்தவர்களுக்கே வலி மிகவும் குறைந்தது.

எளிய பயிற்சி ஒன்று. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணும் வரை அப்படியே வையுங்கள். மெதுவாக இறக்குங்கள். பத்து முறை செய்யுங்கள். பிறகு அடுத்த கால். வலி அதிகமானால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

தரை துடைக்க நீளக் கம்பு வைத்த துடைப்பான் நல்லது. காய்கறி நறுக்க உயரமான இடம் நல்லது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கக் கூடாது. அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மூட்டு மாற்று ஆபரேஷன் எப்போது?

தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கிறார்கள். டென்மார்க் நாட்டில் இந்த ஆபரேஷன் தேவைப்பட்ட 100 பேரைக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். 50 பேருக்கு ஆபரேஷனும் பயிற்சியும். 50 பேருக்குப் பயிற்சி, உணவு ஆலோசனை, மாத்திரை மட்டும். முடிவு 2015இல் வெளிவந்தது.

ஒரு வருடத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. ஆனால் அவர்களுக்குத்தான் கடுமையான கோளாறுகளும் அதிகம் வந்தன. ஆபரேஷன் செய்யாத 50 பேரில் 13 பேர் அந்த வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். மற்ற 37 பேர் ஆபரேஷன் இல்லாமலே அந்த வருடத்தைக் கடந்தார்கள்.

ஆகவே மூட்டு மாற்று ஆபரேஷன் பயனுள்ளது. ஆனால் எல்லோருக்கும் உடனே தேவை இல்லை. முதலில் பயிற்சி. அதற்கும் அடங்காத வலிக்கு ஆபரேஷன். செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டு மாதத்தில் உச்ச வரம்பு வைத்தது. ஆபரேஷனுக்கு முன் செயற்கை மூட்டின் விலையைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால்

மேலே சொன்ன ஆராய்ச்சிகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் கலந்துகொண்டார்கள். அவர்கள் இல்லாமல் இந்த அறிவு கிடைத்திருக்காது. நாளை ஜோகுபாளையத்து அம்மா ஒருவரிடமும் ஆஸ்பத்திரியில் கேட்கலாம்.

"அம்மா, ஒரு புது மருந்துக்கு ஆராய்ச்சி நடக்கிறது. நீங்கள் சேருகிறீர்களா? இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்."

சேரலாம். சேராமலும் இருக்கலாம். ஆனால் அந்தக் காகிதத்தைப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குச் சம்மதப் படிவம் என்று பெயர். இந்தியாவில் புது மருந்துச் சோதனைக்கு 2019இல் விதிகள் வந்திருக்கின்றன. நோயாளிக்குச் சில உரிமைகள் உண்டு.

ஒன்று. விவரம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டால் தமிழில் கேளுங்கள்.

இரண்டு. படிக்கத் தெரியாதவராக இருந்தால், ஆராய்ச்சியோடு சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் வரை அவர் இருக்க வேண்டும். அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று. படிவத்தின் ஒரு நகல் உங்கள் கையில் தரப்பட வேண்டும்.

நான்கு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

ஐந்து. ஆராய்ச்சியால் உடலுக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். நஷ்டஈடும் தர வேண்டும்.

ஆறு. ஆராய்ச்சிக்காக மட்டும் செய்யும் பரிசோதனைகளின் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் வருட வழிகாட்டுதல்.

மருந்துச் சோதனையை நெறிமுறைக் குழு ஒன்று முன்பே பார்த்து அனுமதிக்க வேண்டும். அரசின் பதிவேட்டிலும் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009இலிருந்து மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம்.

கேட்க வேண்டிய கேள்விகளை மனதில் வையுங்கள். இது சிகிச்சையா, சோதனையா? எனக்கு வெற்று மருந்து கிடைக்கலாமா? என்ன கெடுதல் வரலாம்? வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? எத்தனை மாதம் வர வேண்டும்? வேண்டாம் என்றால் எனக்கு என்ன சிகிச்சை தருவீர்கள்?

பதில் புரியவில்லையா? "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். மகனிடம், மகளிடம், அக்கம்பக்கத்தாரிடம் காட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. முழங்கால் உங்களுடையது. கையெழுத்தும் உங்களுடையது.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் தெருவில் முழங்கால் வலிக்கு யார் யார் என்ன செய்கிறார்கள்? எவ்வளவு செலவாகிறது?

2. வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடுவது ஏன் தேவை? படிக்காத ஒருவருக்கு உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.

3. உங்கள் எடை 3 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் பாரம் எத்தனை கிலோ குறையும்?

4. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்.